எளிதில் காணலாம்

ஜனவரி 6

அன்புள்ள பொடிக்கு,

காலேஜ்ல பாடம் நடத்தறவளைப் பொடின்னு எழுதலாமான்னு கொஞ்சம் யோசிச்சேன். ஆனா உங்க அண்ணன் வெச்ச பேர் அது. இந்த வீட்டுல வேற பேர் சொன்னா அது யாருன்னு கேப்பாங்க. அதனால அப்படியே எழுதிட்டேன்.

போன் பண்ணிப் பார்த்தேன், நீ எடுக்கல. புருஷன் வீட்டை விட்டு வந்ததுலேர்ந்து எல்லாரும் உன்கிட்ட ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் அதைக் கேக்கப் போறதில்ல. என்கிட்ட இருக்கறது வேற கேள்வி. அதுக்கு உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல. அதான் காலேஜ் விலாசத்துக்கு எழுதறேன்.

எங்க குடிநீர் ஆபீஸ்ல நான் இன்னும் அதே புகார் பிரிவுலதான் இருக்கேன். போன் அடிக்கும், எடுத்தா திட்டு. தண்ணி வரலன்னு ஒருத்தர், தண்ணி நிக்கலன்னு இன்னொருத்தர். இப்போ மாடியில திட்டமிடல் பிரிவுல ஒரு இடம் காலியாகுது. அந்த ரூம்ல ஒரு சுவர் முழுக்க ஊரோட குழாய் வரைபடம். எங்கயாவது பள்ளம் தோண்டணும்னா, எந்தெந்த வால்வை மூடினா ரொம்பக் கொஞ்சம் வீட்டுக்கு மட்டும் தண்ணி நிக்கும்னு பார்த்துச் சொல்லணும். அதான் அங்க வேலை. இத்தனை வருஷம் திட்டு வாங்கற இடத்துல உக்காந்தாச்சு. திட்டே வராம பண்ற இடத்துலயும் கொஞ்ச நாள் உக்காரலாமேன்னு ஆசை.

அதுக்கு ஏப்ரல்ல துறைத் தேர்வு. பேப்பரோட பேரு 'தனிநிலைக் கணிதமும் தீர்வு காணும் முறைகளும்'. பேரை முழுசாப் படிக்கவே எனக்கு ரெண்டு தடவை ஆச்சு. நான் பத்தாவதோட கணக்கைக் கைகழுவினவ. ஆரம்பிக்கறவங்களுக்கு ஏத்த மாதிரி, படிச்சா கொட்டாவி வராத மாதிரி ஒரு புத்தகம் சொல்லேன். நாத்தனார்கிட்ட கணக்குக் கத்துக்கிட்ட ஒரே அண்ணி உலகத்துல நானாத்தான் இருப்பேன்.

அத்தை நல்லா இருக்காங்க. கீழ்வீட்டுச் சித்தியோட இன்னும் பேச்சு இல்ல. அதே குடை விஷயம்தான். உங்க அண்ணன் வழக்கம்போல ஊர்ல எந்த லிஃப்ட் நின்னாலும் ரிப்பேர் பண்ண ஓடிட்டிருக்கார்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. துறை அறையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருந்தார்கள். இனிமேல் உறையின் பின்னால் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். அது நான் குடியிருக்கும் அறை. முகவரி உங்களோடு இருக்கட்டும்.

தனித்தனியாக எண்ணக்கூடிய பொருள்களைப் பற்றியதுதான் தனிநிலைக் கணிதம். வீடுகள், வால்வுகள், ஆட்கள், வழிகள். தண்ணீர் இதில் வராது. குழாய் வரும்.

மூன்று புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். பல வருடமாக வகுப்பில் இவற்றைத்தான் சிபாரிசு செய்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பயிற்சிகளை விடாதீர்கள். சந்தேகம் வந்தால் எழுதுங்கள்.

நான் நலம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பொடி


பிப்ரவரி 2

அன்புள்ள பொடிக்கு,

பார்சல் வந்துச்சு. தூக்கிப் பார்த்த உங்க அண்ணன், "இதை லிஃப்ட்டுல எதிர் எடையா மாட்டலாம்"னார். மூணையும் மேஜையில அடுக்கினேன். அத்தை அது மேல தலையணை உறையை மடிச்சு வெச்சுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

நான் சோம்பேறி இல்ல பொடி. தினமும் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்துல அந்த முதல் புத்தகத்தைத் திறந்து உக்காந்தேன். முதல் பக்கத்துல கணம்னா என்னன்னு இருக்கு. சரி. ரெண்டாம் பக்கம் அதுக்குப் பத்துக் குறியீடு. மூணாம் பக்கத்துல, 'இதிலிருந்து பின்வருவதை எளிதில் காணலாம்'னு போட்டிருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டும் எனக்குக் காணல. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துல வெச்சேன், அப்பவும் காணல. அஞ்சாம் பக்கத்துல மறுபடி, 'எளிதில் காணலாம்.' அந்த ஆளுக்கு எல்லாமே எளிதில் தெரியுதுன்னா அவர் எதுக்கு என்கிட்ட சொல்லிட்டிருக்கார்?

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "நமக்கெல்லாம் எதுக்குக்கா இது"ன்னா. நல்லெண்ணத்துலதான் சொன்னா. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து, தேர்வுக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிடலாமான்னு தோணிச்சு. இன்னும் வாங்கல. நீ என்ன சொல்றேன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு வெச்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் உண்மையாச் சொல்லு. நீ இதையெல்லாம் ரசிச்சுத்தான் படிச்சியா?

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்ததில் தெரிந்தது: இல்லை. ரசித்துப் படிக்கவில்லை. மார்க்குக்குப் படித்தேன், பிறகு வேலைக்குப் படித்தேன், பிறகு பாடம் நடத்தப் படித்தேன். படிக்கச் சுகமாக ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும் என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் தேடியதில்லை.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்காதீர்கள்.

இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதற்கு அது தேவலை என்று போனேன். கடைக்காரர் முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். "பரீட்சை கைடு அந்தப் பக்கம்" என்றார். "கைடு வேண்டாம், சுவாரசியமான கணக்குப் புத்தகம் வேண்டும்" என்றேன். அவர் ஏணியைக் காட்டினார்.

ஏணி மேல உக்காந்தே படிச்சேன் அண்ணி. ஒரு சோதனை வெச்சுக்கிட்டேன். மூணு பக்கத்துக்குள்ள என்னை ஒரு தடவையாவது சிரிக்க வெக்கணும், இல்ல முழிக்க வெக்கணும். ஒரு புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் பொம்மை. ஆனா பெரியவங்களை மடியில உக்கார வெச்சுப் பேசற மாதிரி ஒரு குரல், எரிச்சலா இருந்துச்சு. இன்னொண்ணுல நல்ல நல்ல புதிர், ஆனா கேள்விக்குக் கீழேயே விடை. யோசிக்கறதுக்குள்ள கண்ணு போய் விழுந்துடுது. அப்புறம் ஒண்ணு கையில கிடைச்சுது. ஒல்லியா, அட்டை கிழிஞ்சு. எழுதினவர் பேரும் அட்டையோட போயிடுச்சு. முதல் வரியே, 'இந்தப் புத்தகத்தில் அவசரம் கிடையாது'ன்னு இருந்துச்சு.

அறைக்கு வந்து தரையில உக்காந்து மிச்சத்தைப் படிச்சேன். அடுப்புல வெச்ச பால் பொங்கி மேடையெல்லாம் ஓடி, வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். கணக்கு படிச்சு நான் பாலைக் கோட்டை விட்டது இதுதான் முதல் தடவை.

அனுப்பியிருக்கேன். அந்த மூணையும் தலையணை உறைக்கே விட்டுடுங்க.

பொடி


மார்ச் 3

பொடிக்கு,

இந்த மனுஷர் யாரோ தெரியல, நல்லா இருக்கட்டும்.

முதல் அத்தியாயத்துல, பத்துக் கூண்டு, பதினோரு புறா, ஏதாவது ஒரு கூண்டுல ரெண்டு புறா இருந்தே தீரும்னு எழுதியிருக்கார். இதுக்கெல்லாம் ஒரு அத்தியாயமான்னு நினைச்சேன். அப்புறம் அதை வெச்சே அவர் கேக்கற கேள்வி ஒண்ணொண்ணும் போகப் போக எங்கயோ கொண்டுபோய் விடுது. ஆபீஸ்ல ஒரு நாள் பத்துத் தெருவுலேர்ந்து பதினோரு புகார் வந்துச்சு. பேப்பரைப் பார்க்காமலே, "ஏதோ ஒரு தெருவுல ரெண்டு பேர் கத்தியிருக்காங்க"ன்னேன். பக்கத்து சீட்டுக்காரி எடுத்துப் பார்த்துட்டு, "எப்படிக்கா"ன்னா. அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

எல்லாம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்காதே. வழி எண்ணற அத்தியாயத்துல ஒரே வழியை ரெண்டு தடவை எண்ணித் தொலைச்சேன். இந்தப் புத்தகத்துல விடை கடைசிப் பக்கத்துல இருக்கு. ஒரு தடவை திருட்டுத்தனமாப் பார்த்துட்டேன். பார்த்ததும் சப்புன்னு போயிடுச்சு. இப்போ அந்தப் பக்கங்களை ஒரு துணி கிளிப் போட்டு மூடி வெச்சிருக்கேன்.

கை குலுக்கற கணக்கு வருதே, அது ரொம்பப் பிடிச்சுது. ஒரு கூட்டத்துல யார் யாரு எத்தனை பேரோட கை குலுக்கினாங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக் கூட்டினா, ஒத்தைப்படை வரவே வராதாம். ஒரு குலுக்கலுக்கு ரெண்டு கை, ரெண்டு பேர் கணக்குலயும் ஏறும், அவ்வளவுதான். நான் நினைச்சேன், சண்டையும் அப்படித்தானே? ஒருத்தியா நின்னு சண்டை போட முடியாது.

நம்ம வீட்டுல போட்டுப் பார்த்தேன். அத்தைகிட்ட, "எத்தனை பேரோட பேச்சு இல்ல?"ன்னேன். "ஒருத்தி, அந்தக் குடைக்காரி"ன்னாங்க. கீழ போய்ச் சித்தியைக் கேட்டேன். "உன் மாமியார் ஒருத்திதான். குடையைத் தொலைச்சது நான் இல்லன்னு சொல்லு"ன்னாங்க. எனக்கு யாரோடயும் இல்ல. உங்க அண்ணன் பல் விளக்கிட்டே, "எனக்கென்ன சண்டை, பூஜ்ஜியம்"னார். ஆக ரெண்டு. இரட்டைப்படை, கணக்கு சரி.

அஞ்சாவது ஆள் நீ. வக்கீல் வெச்சு நடக்கறதை இதுல சேர்க்காதே. நம்ம அஞ்சு பேருக்குள்ள உன் கணக்கு எத்தனை? சும்மா விளையாட்டுக்குத்தான்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

ஒண்ணு.

யாரோடன்னு கேக்காதீங்க.

விடை பார்க்கற பழக்கத்துக்கு மருந்து கிடைச்சிருக்கு. கடைக்காரர் இப்போல்லாம் என்னைப் பார்த்தாலே ஏணியைத் துடைச்சு வெக்கறார். போன தடவை அவரே ஒரு புத்தகம் எடுத்து வெச்சிருந்தார். இதுல விடையே கிடையாது, குறிப்பு மட்டும்தான். அதுவும் ஒரு கேள்விக்கு மூணு குறிப்பு, மூணும் வேற வேற பக்கத்துல. முதல் குறிப்பு சும்மா முதுகுல தட்டும். ரெண்டாவது கையைப் பிடிக்கும். மூணாவதுகூட வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும், உள்ள நாமதான் போகணும். எழுதினது ஒரு அம்மா. சில கேள்விக்கு, 'நான் இதில் ஒரு வாரம் திண்டாடினேன், நீங்களும் திண்டாடலாம்'னு எழுதியிருக்காங்க. எனக்குப் பாடம் எடுத்த யாரும் தான் திண்டாடினதாச் சொன்னதே இல்ல. நானும் என் பிள்ளைங்ககிட்ட சொன்னதில்ல.

முதல் பாடம்: கேள்வி பெரிசா இருந்தா அதைச் சின்னதாக்கிப் பார். நூறு பேர்னு இருந்தா மூணு பேருக்குப் போட்டுப் பார். பரீட்சைக்கு இந்த ஒண்ணு போதும்னு நினைக்கறேன். புத்தகத்தை அனுப்பியிருக்கேன்.

பொடி


மார்ச் 26

பொடிக்கு,

யாரோடன்னு நான் கேக்கல. கேக்கவும் வேண்டியதில்ல.

ரெண்டோட உன் ஒண்ணைச் சேர்த்தா மூணு. மூணு வரவே வராதுன்னு புத்தகத்துல நிரூபிச்சிருக்கு. அப்போ எங்க வீட்டுல யாரோ ஒருத்தர் கணக்குக் குறைச்சுச் சொல்லியிருக்காங்க. அத்தையைத் திரும்பக் கேட்டேன். "அவ என் பொண்ணு, அவளோட எனக்கென்ன சண்டை"ன்னாங்க. சித்தி, "அதுக்கும் குடைக்கும் சம்பந்தமே இல்ல"ன்னாங்க. என்னை நானே கேட்டுக்கிட்டேன். மிச்சம் ஒருத்தர்தான்.

அவர் மேஜையில எதையோ பிரிச்சுப் போட்டு எண்ணெய் விட்டுட்டிருந்தார். பேப்பரை முன்னாடி வெச்சேன். "மூணு வருது. உங்க பூஜ்ஜியம் தப்பு"ன்னேன். வழக்கமா இப்படிக் கேட்டா எழுந்து போயிடுவார். கணக்குங்கறதால பேப்பரைக் கையில எடுத்தார்.

"அது சண்டை இல்ல. அவதான் போன் எடுக்கல"ன்னார்.

"அவ பெட்டியோட வந்து மூணு நாள் இருந்தாளே, அப்போ ஒரு வார்த்தை பேசினீங்களா?"

"என்ன பேசறது? என்ன ஆச்சுன்னு கேட்டா அழுவா. அதான் அவ ரூம் ஃபேனைச் சரி பண்ணிக் கொடுத்தேன்."

"இருன்னு சொன்னீங்களா?"

"இருன்னு சொல்லணுமா? அது அவ வீடு."

அதுக்கப்புறம் அவரால வேலை செய்ய முடியல. பிரிச்சதை அப்படியே போட்டுட்டு மாடிக்குப் போயிட்டார். நான் சொல்லி முடிச்சிட்டேன். இனிமே இதுல நான் தலையிடல. கணக்குதான் காட்டிக் கொடுத்துச்சு, நான் இல்ல.

இன்னொரு சங்கதி. அந்த அம்மா எழுதின புத்தகத்தை இப்போ அவரும் எடுத்துப் பார்க்கறார். நான் பார்க்காதப்போதான். சாக்லேட் கணக்குல மாட்டிக்கிட்டார். இருபத்துநாலு கட்டம் போட்ட ஒரு சாக்லேட். ஒரு தடவைக்கு ஒரு துண்டை மட்டும் எடுத்து, கோட்டு வழியா நேரா உடைக்கலாம். எல்லாக் கட்டமும் தனித்தனியா வர எத்தனை தடவை உடைக்கணும்? நெடுக்கா ஆரம்பிச்சாலும் குறுக்கா ஆரம்பிச்சாலும் அவருக்கு இருபத்துமூணுதான் வருது. எங்கயோ ஒரு குறுக்குவழி இருக்குன்னு அடம். தினமும் ஒரு சாக்லேட் வாங்கிட்டு வந்து உடைக்கறார். வீடே சாக்லேட் தின்னுட்டிருக்கோம். அத்தைக்குப் பல் கூசுதாம்.

விடையைச் சொல்லிடாதே. எனக்கும் இன்னும் வரல.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

உங்க கடிதத்தை வகுப்புக்கும் எடுத்துட்டுப் போனேன். இடைவேளையில மறுபடி படிச்சேன்.

அன்னிக்கு நான் பெட்டியோட வந்தப்போ அண்ணன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிட்டு ஏணி மேல ஏறினார். எனக்கு அவர் முதுகுதான் தெரிஞ்சுது. அந்த ஃபேன் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு அண்ணி. என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கலன்னு நினைச்சேன். மூணாம் நாள் கிளம்பினேன். வாசல்ல பெட்டியைத் தூக்கி ஆட்டோவுல வெச்சார், அவ்வளவுதான். போன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. 'அது அவ வீடு'ங்கற வரியை இப்போ எங்க வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நாள் ஆகும்.

நீங்க கேக்கலன்னாலும் சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் வேலையை விடச் சொன்னார். நான் அவரை விட்டேன். அடி, குடி ஒண்ணும் இல்ல. அதனாலதான் யாருக்கும் புரியல. அந்த வீட்டுல நான் என்ன படிக்கறேன், என்ன யோசிக்கறேன்னு ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்ல. நீங்க, ரசிச்சுப் படிச்சியான்னு கேட்டப்போ எனக்கு ஏன் பதில் எழுத வரலன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

இந்த மாசம் இருபத்துமூணாம் தேதி கோர்ட்டுல கடைசி விசாரணை. ரெண்டு பேரும் சம்மதம்னு சொல்லணும், கையெழுத்துப் போடணும், முடிஞ்சுது. நான் தனியாப் போய்க்குவேன்.

வகுப்புல ஒரு நாள் பாடப் புத்தகத்தை மூடி வெச்சுட்டு சாக்லேட் கணக்கைப் போட்டேன். கடைசி பெஞ்சுலேர்ந்து முதல் தடவையா ஒரு கை எழுந்துச்சு. விடை தப்பு. இருந்தாலும் எனக்கு அன்னிக்கு முழுக்க நல்லா இருந்துச்சு.

அண்ணன்கிட்ட விடை சொல்ல மாட்டேன். திண்டாடட்டும்.

பொடி


ஏப்ரல் 14

பொடிக்கு,

உன் கடிதத்தைப் பிரிச்சதும் காலண்டரைத்தான் பார்த்தேன். இருபத்துமூணாம் தேதிதான் என் தேர்வும். காலையில பத்து மணிக்கு.

நான் தேர்வுக்குப் போகல. முடிவு பண்ணிட்டேன். மாடி ரூம் எங்கயும் ஓடிப் போகாது, அடுத்த தடவை எழுதிக்கலாம். கோர்ட் வராந்தாவுல நீ மட்டும் ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கறதை நினைச்சா எனக்குப் பேனா ஓடாது. அந்தப் பக்கம் அவரோட மாமா, பெரியப்பான்னு ஒரு படையே வரும். உன் பக்கம் ஒருத்தியாவது வேணும். முந்தின நாள் சாயங்கால பஸ்ஸுல வர்றேன்.

எதையும் யோசிக்காதே. புத்தகத்தை எடுத்துட்டு வர்றேன், காத்திருக்கற நேரத்துல படிக்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

வராதீங்க. விரைவுத் தபால்ல அனுப்பறேன், நேரத்துக்கு வந்துடும்னு நம்பறேன்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நான் ஏணியில ஏறினது நீங்க வராந்தாவுல உக்கார்றதுக்கு இல்ல. இந்த ரெண்டு மாசமா வாரக் கடைசி வந்தா எனக்கு பயமில்ல. உங்களுக்கு என்ன புத்தகம் பிடிக்கும்னு யோசிச்சே பொழுது போச்சு. நீங்க அந்தப் பேப்பரை எழுதலன்னா எனக்குத்தான் கஷ்டம்.

கையெழுத்துப் போட எனக்குத் துணை வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன்.

முதல்ல எல்லாக் கேள்வியையும் படிங்க. பிடிச்சதுலேர்ந்து ஆரம்பிங்க. மாட்டிக்கிட்டா சின்னதாக்குங்க.

பொடி


ஏப்ரல் 26

அண்ணிக்கு,

இந்நேரம் அண்ணன் வந்து ஏதாவது சொல்லியிருப்பார். இல்ல, ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டார். அதனால நானே எழுதறேன்.

கோர்ட்டுக்குச் சீக்கிரமே போயிட்டேன். வராந்தாவுல நீள பெஞ்ச், ஓரத்துல உக்காந்தேன். எதிர்ல அவங்க ஆட்கள். நீங்க சொன்ன படைதான். என்னையே பார்த்துட்டிருந்தாங்க. நான் தரையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. எண்ணெய் வாசனை வந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா அண்ணன். வேலைச் சட்டையோட, தோள்ல கருவிப் பை.

நீங்க சொல்லித்தான் வந்தார்னு நினைச்சேன். "அண்ணிக்குத் தெரியாது. உன் கடிதத்துல தேதியைப் பார்த்துட்டு, லிஃப்ட் ரிப்பேர்னு சொல்லிட்டு வந்தேன். தெரிஞ்சா அவளும் கிளம்பிடுவா"ன்னார். எதிர்ல அத்தனை பேர் பார்க்கறாங்க. அண்ணன் பைக்குள்ள கையை விட்டு ஒரு சாக்லேட்டை எடுத்தார்.

"இருபத்துமூணுக்குக் கம்மியா முடியவே முடியாதா?"

"நீங்களே பாருங்கண்ணா"ன்னேன்.

பையை மடியில போட்டு, அது மேல காகிதத்தை விரிச்சு உடைக்க ஆரம்பிச்சார். நான் பக்கத்துல உக்காந்து, "இப்போ எத்தனை துண்டு?"ன்னு மட்டும் கேட்டுட்டிருந்தேன். முதல் குறிப்பு மாதிரிதான். ரெண்டு. இப்போ? மூணு. இப்போ? நாலு. ஏழெட்டு தடவை ஆனதும் அவர் கை நின்னுடுச்சு.

"எப்படி உடைச்சாலும் ஒரு தடவைக்கு ஒண்ணுதான் கூடும். அவ்வளவுதான் இல்ல?"ன்னார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் சின்ன வயசுல பார்த்தது. எதிர்ல இருந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. விவாகரத்துக்கு வந்த இடத்துல அண்ணனும் தங்கையும் சாக்லேட்டை வெச்சுக்கிட்டு சிரிக்கறாங்களேன்னு பார்த்தாங்க.

அப்போதான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் எழுந்தேன், அண்ணனும் கூடவே எழுந்தார். வாசல்ல நின்ன ஊழியர், "நீங்க யாரு?"ன்னார். "இவ அண்ணன்." "நீங்க உள்ள வரக்கூடாது, உக்காருங்க." அண்ணன் உக்காரல. நான் கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் கதவு பக்கத்துலயே, கையில அந்தக் காகிதத்தோட நின்னுட்டிருந்தார். உள்ளயிருந்து எனக்கு அவர் முகம் தெரிஞ்சுது.

வெளிய வந்ததும் சாக்லேட்டை நீட்டினார். ரெண்டு பேரும் படியில உக்காந்து சாப்பிட்டோம். அவரோட பேசி முடிக்க வேண்டியது நிறைய இருக்குன்னு நினைச்சிருந்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல.

என் அறையைப் பார்க்கணும்னார். பார்த்ததும் அந்தத் தண்ணிக் குழாய் சொட்டறது, கதவுத் தாழ்ப்பாள் ஆடறது எல்லாம் அவர் கண்ணுல பட்டுடுச்சு. உடனே பையைத் திறந்தார். திறக்கட்டும்னு விட்டேன். அவர் பேசற விதம் அதுதான்னு இப்போ தெரியுதே. சாயங்காலம், "இன்னிக்கு இருந்துட்டுப் போங்கண்ணா"ன்னேன். இருந்தார்.

உங்க பேப்பர் என்ன ஆச்சு? அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்.

பொடி


மே 20

அன்புள்ள பொடிக்கு,

முடிவு தெரியட்டும்னு இத்தனை நாள் எழுதல. நேத்துதான் பலகையில ஒட்டினாங்க. எனக்குத்தான் இடம். பக்கத்து சீட்டுக்காரி என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு, "அந்த ஒல்லிப் புத்தகத்தை எனக்குக் கொடுக்கா"ன்னா. கொடுத்துட்டேன், கிளிப்போட.

தேர்வு அன்னிக்குக் காலையில உன் கடிதத்தை இன்னொரு தடவை படிச்சுட்டுத்தான் போனேன். வரையறை எழுதுற கேள்வி நாலு, அதுல ரெண்டு தப்பு. வீட்டுக்கு வந்து நானே சரிபார்த்துக்கிட்டேன். காரணம் சொல்லி விளக்கற பகுதியில ஒரு கேள்வி. தோத்தவங்க வெளிய போற பந்தயம், அம்பத்தெட்டு பேர் ஆடறாங்க, ஒருத்தர் ஜெயிக்க மொத்தம் எத்தனை ஆட்டம்? படம் போட ஆரம்பிச்சேன், பேப்பர் நிறைஞ்சு போச்சு. அப்புறம் சின்னதாக்கினேன். ரெண்டு பேர்னா ஒரு ஆட்டம். மூணு பேர்னா ரெண்டு. நாலு பேர்னா மூணு. ஏன்னு யோசிச்சா, ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் வெளிய போறார். அம்பத்தேழு பேர் வெளிய போகணும், அம்பத்தேழு ஆட்டம். எழுதி முடிச்சு நிமிர்றப்போதான் சாக்லேட் ஞாபகம் வந்துச்சு. ஹால்ல கண்காணிச்சுட்டிருந்தவர், எதுக்குமா சிரிக்கறீங்கன்னு கேட்டார்.

உங்க அண்ணன் ரெண்டு நாள் கழிச்சு வந்தார். லிஃப்ட் ரொம்பப் பெரிய ரிப்பேரான்னு கேட்டேன். ஆமான்னார். அப்புறம் சட்டையைக் கழட்டிட்டே, "அந்த சாக்லேட் இருக்கே..."ன்னு ஆரம்பிச்சார். "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் கூடும்"னு நான் முந்திக்கிட்டேன். முகம் தொங்கிப் போச்சு. அதுக்கப்புறம்தான் உன் அறையைப் பத்திச் சொன்னார். ஜன்னல்ல வெளிச்சம் நல்லா வருதுன்னார், அலமாரியில புத்தகம் ஒரு அடுக்கு நிறைஞ்சிருக்குன்னார். கோர்ட்டைப் பத்தி ஒரே வார்த்தை. "நல்லா இருக்கா."

இன்னிக்கு முதல் நாள் மாடி ரூம்ல உக்காந்தேன். சுவர்ல அந்த வரைபடம், நீலக் கோடும் சிவப்புப் புள்ளியுமா. என்ஜினியர் ஒரு தெருவைக் காட்டி, "இங்க குழாய் மாத்தணும். அந்தக் கோடியில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, அங்க மட்டும் தண்ணி நிக்கக் கூடாது. பொறுமையாப் பாருங்க"ன்னுட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். ரெண்டு வால்வை மூடினா ஆஸ்பத்திரியும் சேர்ந்து நிக்குது. மூணு மூடினா பக்கத்துத் தெரு போயிடுது. இன்னும் வரல. நாளைக்கும் அதுதான் வேலை. விடை வராம ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்துட்டு, இவ்வளவு சந்தோஷமா நான் வீட்டுக்கு வந்ததில்ல.

இந்த ஞாயித்துக்கிழமை நானும் உங்க அண்ணனும் அங்க வர்றோம். அவருக்கு ஒரு புத்தகம் வேணுமாம், என்னோடதை இனிமே தொட மாட்டாராம். அந்த ஏணியில நானும் ஒரு தடவை ஏறணும். கடை காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க? எழுதினா நாங்க கிளம்பறதுக்குள்ள வந்து சேராது.

போன் பண்ணு.

அண்ணி